எங்கள் பக்கம் நின்ற நீதிபதி

இந்த நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போக விரும்புகிறவர் முதலில் ஒரு கட்சியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுவிஸிலா, இவ்வளவு ஒழுங்கான நாட்டிலா என்று கேட்பார்கள். ஒழுங்காகத்தான் நடக்கிறது. பாராளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு பலமோ அந்தக் கணக்கில் நாற்காலிகளைப் பங்கிடுவார்கள். நாற்காலி கிடைத்தவர் வருடாவருடம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கொடுப்பார். சில வருடங்களுக்கு ஒருமுறை பாராளுமன்றம் அவரைத் திரும்பத் தெரிவு செய்யும். எல்லாம் வெளிப்படை. அதனால் ஒருவருக்கும் வெட்கமில்லை.

நான் பேர்னில் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் புலனாய்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றால் நாலு மேசையும் ஒரு கோப்பி மெசினும். பத்திரிகை இடதுசாரிகளுடையது. நானும் அப்படித்தான். ஆறு வயதில் அகதிப் பிள்ளையாக வந்து, நகரத்து ஓரத்திலுள்ள பூம்ப்ளிஸில் வளர்ந்து, சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரே பக்கத்துக்குத்தான் வாக்குப் போட்டு வருகிறேன். மற்றப் பக்கத்தார் எங்களைப் போன்றவர்களைத் துரத்தச் சொல்லிச் சுவரொட்டி அடிக்கிறவர்கள். அவர்களுக்கா போட முடியும்? இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு ஒளித்தேன் என்று இருக்கக்கூடாது.

அந்த வருடம் நாங்கள் எடுத்துக்கொண்ட தொடர் நீதிபதிகளைப் பற்றியது. அகதி வழக்குகளில் தீர்ப்பை எழுதுவது சட்டமா கட்சியா என்பதுதான் கேள்வி. விடை என்னவாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தொடங்கும்போதே தெரியும். வலதுசாரி நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு நிராகரிக்கிறார்கள் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க நிறைய இருந்தது, அது பொய்யல்ல. நான் மாதக்கணக்கில் தீர்ப்புகளை வாசித்தேன். அவற்றில் மனுதாரரின் பெயர் இராது, நீதிபதியின் பெயர் இருக்கும். ஒவ்வொரு பெயரையும் கண்டவுடன் முதலில் அவர் எந்தக் கட்சி என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கட்சியைப் பார்த்த பிறகுதான் தீர்ப்பை வாசிப்பேன். இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

தீர்ப்புகள் கடதாசிதானே, ஆட்கள் வேண்டும் என்றார் எங்கள் ஆசிரியர். ஆட்களைத் தேடி யூரோப்பாபிளாட்ஸ் சதுக்கத்தில் இருக்கும் தமிழ்க் கோயிலுக்குப் போனேன். அங்கே சமையலறையில் பெரிய கிடாரங்களை உரஞ்சிக் கழுவிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரை அண்ணை என்றுதான் நான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அண்ணை சோலோதுர்னில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரண்டு வருடம் வேலை செய்தவர். மேன்முறையீடு தள்ளுபடியானதும் வேலை செய்யும் அனுமதி போய்விட்டது. இப்போது திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கான முகாமில் இருந்தார். தினமும் கையெழுத்து வைக்க வேண்டும். மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் கிளிநொச்சியில். காணாமல் போன தம்பிக்காக ஒரு விசாரணையில் சாட்சி சொன்னதற்குப் படையினர் இவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடுத்தமுறை மூன்று நாளோடு விட மாட்டார்கள் என்று இவருக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் விமான நிலையத்திலேயே காத்திருப்பார்கள் என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

இங்கே அகதி அலுவலகம் அவரை நிராகரித்ததற்குக் காரணம் ஒரு திகதி. அலுவலகத்தின் முதல் விசாரணையில், ஊரில் எப்போது பிடித்தார்கள் என்று கேட்டதற்குப் பொங்கல் கழிந்து இரண்டு கிழமை என்றிருக்கிறார். அதைத் தை மாதக் கடைசி என்று எழுதிக்கொண்டார்கள்; எங்கள் ஆட்கள் ஜனவரியைத் தை என்றும் பெப்ரவரியை மாசி என்றும்தான் சொல்வார்கள். ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது விசாரணையில் மாசி முதலாம் கிழமை என்றிருக்கிறார். ஒரு கிழமை பிசகு. முரண்பாடு, ஆகவே நம்பத் தகாதவர் என்று முடித்துவிட்டார்கள். மேன்முறையீட்டு நீதிபதியும் அதையே திருப்பி எழுதினார்.

அன்றிலிருந்து அண்ணைக்குத் திகதி ஒரு நோயாகிவிட்டது. தமிழ்க் கடையில் தரும் நாட்காட்டியில் தினமும் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்று நடந்ததைப் பேனையால் எழுதி, இறப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். எங்கே போனார், யாரோடு கதைத்தார், என்ன கடிதம் வந்தது, எல்லாம்.

"இனி ஆரும் என்னைத் திகதியிலை பிடிக்கேலாது, தங்கச்சி" என்றார்.

கோப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து தந்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதியின் பெயரைப் பார்த்து எனக்குச் சப்பென்று போய்விட்டது. இடதுசாரி. அதுவும் எங்கள் அறையில் மரியாதையோடு பேசப்படும் பெயர். எங்கள் தொடருக்கு இந்த ஆள் உதவமாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

ஆனாலும் எல்லா நீதிபதிகளின் தொடர்புகளையும் ஒரே மாதிரித்தான் தோண்டினோம், அந்த நேர்மை எங்களிடம் இருந்தது. அந்த நீதிபதி குடியிருக்கும் கிராமத்தின் செய்தித்தாள் ஒன்று கையில் அகப்பட்டது. குப்பை எடுக்கும் நாள், தீயணைப்புப் பயிற்சி, இன்னாருக்குத் தொண்ணூறு வயது என்று போடும் நாலு பக்கத் தாள். கடைசிப் பக்கத்தில் ஊர்ப் பாடகர் குழு, கோடைக் கச்சேரிக்குத் தோட்டத்தைத் தந்த தம்பதிக்கு நன்றி சொல்லியிருந்தது. கணவர் அந்த நீதிபதி. மனைவிக்கு வேறு குடும்பப் பெயர். அந்தப் பெயரை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று யோசித்து, அண்ணையின் பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துக் கொட்டினேன். அவருடைய மனுவை முதலில் நிராகரித்த அகதி அலுவலகக் கடிதத்தின் அடியில் பிரிவுத் தலைவர் என்று கையெழுத்து வைத்திருந்தவர் அந்த அம்மா.

மனைவி நிராகரித்ததைக் கணவர் விசாரித்துச் சரி என்றிருக்கிறார். அப்படி விசாரிக்க அவருக்கு உரிமையில்லை. நான் வழக்கிலிருந்து விலகுகிறேன் என்று அவர் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. எங்கள் தொடர் முழுவதிலும் இதைவிடத் தெளிவான தவறு ஒன்று கிடைக்கவில்லை. தீர்ப்பைத் திரும்பத் திறக்க இது ஒன்றே போதும். இரண்டு தாளையும் அருகருகே வைத்து மூன்றுமுறை படம் பிடித்தேன். சந்தோஷத்தில்தான்.

அடுத்த நாள் புரட்டாதிச் சனி. கோயிலில் நல்ல சனம், எள்ளெண்ணெய்ப் புகை வெளி வாசல் வரைக்கும் வந்தது. அண்ணையை ட்ராம் தரிப்பிடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப புருஷனும் பெண்சாதியுமோ?" என்றார்.

"ஓம் அண்ணை. பேப்பரிலை வந்தா உங்கட கேஸை அவை திரும்ப எடுத்தே ஆகவேணும். ஆனா கட்டுரை வாற வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

"ஐயோ, நான் வாய் திறக்க மாட்டன்."

நான் சொன்னது பத்திரிகைக்காரரின் வழக்கமான வார்த்தை. வேறு பத்திரிகைக்குப் போகாதீர்கள், ஃபேஸ்புக்கில் போடாதீர்கள் என்று அர்த்தம். என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே மனைவிக்கும் சட்டத்தரணிக்கும் சொல்லியிருப்பார், அது சொன்னதாகவே அவருக்குப் படாது. எங்கள் ஆட்கள் அப்படியா? ஒருத்தருக்கும் சொல்லாதே என்றால் ஒருத்தருக்கும் சொல்லாததுதான். வாய் தவறினவன் வீட்டுக்குத் திரும்பாத காலத்தில் வளர்ந்தவர்கள். அண்ணை கிளிநொச்சியிலிருக்கும் மனைவிக்கும் சொல்லவில்லை, தன் சட்டத்தரணிக்கும் சொல்லவில்லை. இது எனக்குத் தெரியாமல் போனதற்கு நான் எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. நானும் அதே வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தானே.

பத்திரிகை வழக்கப்படி நீதிபதிக்குக் கேள்விகளை அனுப்பினோம். பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் கொடுத்தோம். குற்றம் சாட்டப்படுகிறவருக்கு அவகாசம் கொடுப்பது இங்கே பெரிய மரியாதை. பதில் மிகப் பண்பாக வந்தது. மனைவியின் பிரிவில் தினமும் எத்தனையோ கடிதங்கள் போகின்றனவாம், இவற்றை அவர் வீட்டில் பேசுவதில்லையாம், கையெழுத்தைத் தான் கவனிக்கவில்லையாம். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அந்தக் கடிதம் ஒரு கடிதம், அவ்வளவுதான்.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். அறுபதை நெருங்குகிறவர், மழையிலும் சைக்கிளில்தான் வருவார், அகதிகளுக்காக எத்தனையோ ஊர்வலத்தில் நடந்தவர்.

"மார்கழியில் பாராளுமன்றத்தில் இவருக்கு மறுதெரிவு வருகிறது" என்றார். "இதை இப்போது போட்டால் வலதுசாரிகள் இவரைத் தூக்கிவிடுவார்கள். அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்று யோசித்துப் பார். உன் ஆட்களுக்கு இவரைப் போல ஒருவர் இருப்பது நல்லதா, வேறொருவர் வருவது நல்லதா?"

"முகாமில் இருக்கிற இந்த ஆளுக்கு?" என்றேன்.

"மறுதெரிவு முடியட்டும், தையில் போடுவோம். ஓடியா போகப் போகிறது?"

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று அவருக்கு ஜெர்மனில் எப்படிச் சொல்வது? இதே தவறை வலதுசாரி நீதிபதி ஒருவர் செய்திருந்தால் முதல் பக்கத்தில் எட்டுப் பத்தியில் போட்டிருப்போம். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் கேட்ட கேள்வி எனக்கும் நியாயமாகப் பட்டது. அவர் வற்புறுத்தி நான் பணிந்தேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கம் நிற்கிற ஒருவரை விழுத்துவதற்கு எனக்கும் மனம் வரவில்லை.

தொடர் வந்தது. நல்ல பெயர் எடுத்தது. வலதுசாரி நீதிபதிகள் மூன்று பேரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தோம், எழுதியதெல்லாம் உண்மை. பூம்ப்ளிஸில் என்னைக் கண்ட தமிழ் ஆட்கள் கை கொடுத்தார்கள். அண்ணை மட்டும் ஒவ்வொரு பகுதியும் வந்த அன்று குறுஞ்செய்தி அனுப்புவார். "தங்கச்சி, இண்டைக்கும் என்ரை வரேல்லை." நான் தையில் வரும் என்று பதில் போடுவேன். அவர் சரி என்று எழுதிவிட்டு ஒரு கும்பிடும் போடுவார்.

கார்த்திகையில் மற்றப் பக்கத்தாரின் வார இதழ் ஒன்று அந்தத் தம்பதியின் படத்தை அட்டையில் போட்டது. அவர்களுக்கு விஷயம் எப்படிக் கிடைத்தது என்று தெரியாது. எங்கள் அறையில் இரண்டு பேர் என்னைப் பார்த்த பார்வை மட்டும் தெரியும். நான் கொடுக்கவில்லை. கட்டுரையை ரயிலில் நின்றபடி வாசித்தேன். மனைவி அகதி அலுவலகத்தில், கணவர் நீதிமன்றத்தில், இருவரும் இடதுசாரி, ஒரே வீட்டிலிருந்து நாட்டின் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கணவனும் மனைவியும் சேர்ந்து மூடிய கதவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு அண்ணையின் வழக்கு தெரியாமல் இருந்திருக்காது. அநியாயம் செய்யப்பட்ட ஓர் அகதி அவர்களுடைய கதைக்குப் பொருந்தவில்லை. எங்களுடையதற்கும் பொருந்தவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொல்வார்களே, அதில் மத்தளமாவது ஒரு சத்தம் போடும்.

ஆனால் அந்த இதழைப் படித்துவிட்டு ஓர் ஆள் துள்ளி எழுந்தார். அண்ணையின் சட்டத்தரணி. இலவச ஆலோசனை நிலையத்தில் வேலை செய்யும் இளம் பெண். பெயரைக் கண்டதும் தன் அலுமாரியிலிருந்த கோப்பு நினைவு வந்திருக்கிறது. உடனே அண்ணையை வரச் சொன்னார். மொழிபெயர்க்க அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எங்கள் பத்திரிகை செய்யாததை எங்கள் எதிரிப் பத்திரிகை செய்து தந்துவிட்டது என்று நினைத்தேன்.

சட்டத்தரணி மேசையில் அந்த இதழை விரித்து வைத்திருந்தார். மறுஆய்வு மனுவை ஏறக்குறைய எழுதி முடித்திருந்தார்.

"ஒரு விஷயம்தான் பாக்கி" என்றார். "நீதிபதிக்கும் பிரிவுத் தலைவருக்கும் உள்ள உறவு தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும். இந்த இதழ் வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. அவருக்கு இது எப்போது தெரியவந்தது என்று கேளுங்கள்."

முப்பது நாள். நீதிபதி எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் விலக வேண்டும் என்ற விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதற்குக் கொஞ்சம் தள்ளி, பாதிக்கப்பட்டவன் எத்தனை நாளுக்குள் வாய் திறக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதை நான் வாசிக்கவேயில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது நீதிபதிகள் மட்டும்தான்.

கேள்வியைத் தமிழில் சொல்வதற்கு முதல் அண்ணையிடம் குனிந்து சொன்னேன். "அண்ணை, இந்தப் பேப்பரைப் பாத்துத்தான் தெரியும் எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நீங்களெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம், ஆனா அப்பிடிச் சொல்லாதேங்கோ. நாள் பிந்திப் போச்சு."

சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "மொழிபெயர்க்கிறவர் கேள்வியை மட்டும் கேட்டால் போதும்." அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். காது கேளாதவர் போலச் சன்னலைப் பார்த்தபடி இன்னொருமுறை அதே கேள்வியை, இதழில் கை வைத்துக்கொண்டு கேட்டார். அதற்குமேல் அவரால் உதவி செய்ய முடியாது.

அண்ணை ஜாக்கெட்டின் உள் பையிலிருந்து தாள்கட்டை எடுத்து, இறப்பர் வளையத்தைக் கழற்றி, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் என் கையை மெல்ல எடுத்து விட்டார்.

"ஒருக்காத் திகதி பிசகினதாலைதான், தங்கச்சி, என்னைப் பொய்யன் எண்டு எழுதினவை. இன்னொருக்காப் பிசகச் சொல்லுறீங்களோ?"

புரட்டாதிச் சனித் தாளை மேசையில் வைத்தார். திகதி பெரிய சிவப்பு எண்ணில் இருந்தது, அதை வாசிக்க மொழிபெயர்ப்புத் தேவையில்லை. சட்டத்தரணி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் வாசித்தேன். நீதிபதியும் கையெழுத்து வைத்த மனிசியும் புருஷன் பெண்சாதி. பேப்பர்த் தங்கச்சி சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது.

"பேப்பர்த் தங்கச்சி யார்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"நான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அண்ணை தினமும் இப்படித் தாளில் எழுதிவைப்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும், வழக்குக் கோப்பிலும் இருக்கிறது, இனிமேல் அவற்றை இல்லையென்று மறைக்க ஒரு சட்டத்தரணியால் முடியாது. இருந்தாலும் மனுவைப் போட்டார். பத்திரிகைக்காரி சொன்னதை ஆதாரமாகக் கொள்ள முடியாது, அச்சில் வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று நாலு பக்கம் வாதாடியிருந்தார். நானும் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஆசிரியர் அனுமதி தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

மார்கழியில் நீதிபதி திரும்பத் தெரிவானார். இரண்டு பக்கமும் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு, கடைசியில் உன் நாற்காலியை நான் தொடவில்லை, என் நாற்காலியை நீ தொடாதே என்று முடித்துக்கொண்டார்கள். தையில் எங்கள் கட்டுரை வரவில்லை. மற்றவர்கள் போட்டுவிட்ட பழைய விஷயம், அதோடு இனி அவர்களுடைய பாட்டுக்கு நாங்கள் தாளம் போடுவதாகிவிடும் என்றார் ஆசிரியர். நான் வேலையை விடவில்லை. கோபத்தோடு அதே மேசையில் உட்கார்ந்து அடுத்த தொடரை எழுதினேன். இதை ஜெர்மனில் எழுத ஒருமுறை தொடங்கினேன். வாசிக்கிறவர் முதலில் நான் எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். நானே அப்படித்தானே வாசிக்கப் பழகினேன்.

அண்ணையை மாசியில் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு நான் அனுப்பிய செய்திகள் எல்லாம் இன்றுவரை போய்ச் சேராமல் ஒற்றைச் சரிக்குறியோடு நிற்கின்றன. மனைவியின் இலக்கம் என்னிடம் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாத மனிதர், என்னைப் பற்றி அவளுக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

அவரோடு கடைசியாகக் கதைத்தது தீர்ப்பு வந்த அன்று காலை. பூம்ப்ளிஸ் ரயில் நிலையத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சட்டத்தரணி அனுப்பிய இரண்டு பக்கத்தைக் கைபேசியில் திறந்து, முகாமுக்கு அழைப்பெடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நீதிபதி வேறொருவர். எந்தக் கட்சி என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. மனு காலம் கடந்து வந்திருக்கிறது, ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை என்று இருந்தது. உறவு தெரியவந்த நாளை மனுதாரர் தானே அன்றன்றே எழுதிவைத்திருக்கிறார், அவருடைய கூற்று தெளிவானது, அதைச் சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை என்றும் இருந்தது.

அண்ணை அந்த இடத்தை இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அப்ப, நான் சொன்ன திகதியை நம்பீட்டினமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன். "நம்பீட்டினம்."